ஃபின்டன் மெல்லெட்டின் புதன்கிழமைகள்

ட்ரம்கீல் ஊரில் பல் வலித்தாலும், ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டாலும், ஞானஸ்நானத்தன்று எடுத்த ஃபிலிமைக் கழுவக் கொடுக்க வேண்டுமென்றாலும் போக வேண்டிய இடம் ஒன்றுதான். மெயின் தெரு மேட்டில் பச்சைக் கதவு போட்ட மெல்லெட் மருந்துக்கடை. கதவைத் தள்ளினால் மணி அடிக்கும். மணி அடித்ததும், பின்னால் சில படிகள் ஏறிப் போகும் மருந்து அறையிலிருந்து நீளமான ஒரு முகம் எட்டிப் பார்க்கும். அதுதான் ஃபின்டன் மெல்லெட்.

ஊரில் யாருக்கு மூலம், யாருக்குத் தூக்கம் வருவதில்லை, எந்தக் காளைக்கு வயிற்றில் பூச்சி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு சொல் வெளியே போகாது. தலைவலி மாத்திரையானாலும் சரி, சொல்லக் கூச்சப்படும் களிம்பானாலும் சரி, எல்லாவற்றையும் ஒரே பழுப்புக் காகிதத்தில் ஒரே மாதிரி சுற்றி, நூல் கட்டிக் கொடுப்பார். தெருவில் பொட்டலத்தோடு போகிறவரைப் பார்த்து யாராலும் எதையும் ஊகிக்க முடியாது. இந்தக் காகிதத்துக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் உண்டு.

கோட்டின் மடிப்பில் திரு இருதயப் படம் போட்ட சிறிய சட்டை ஊசி ஒன்று குத்தியிருப்பார். பள்ளிக்கூட நாட்களில், சாராயத்தைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தபோது குத்தியது. அதன்பிறகு கோட்டுகள் எத்தனையோ மாறின. ஊசி மாறவில்லை. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பார். அக்டோபர் மாத ஜெபமாலையை முன்னின்று சொல்வார். மாத்திரை எண்ணும்போது மாதா பாடல் ஒன்றை மூக்கால் முனகுவார். எண்ணிக்கை தப்பினால் பாட்டை முதலிலிருந்து தொடங்குவார், மாத்திரையையும்தான்.

மனைவி பிலோமினா கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். கல்யாணத்துக்கு முன் அவள் வங்கியில் வேலை பார்த்தாள். கல்யாணமான பெண்ணை வேலையில் வைத்துக்கொள்ளாத காலம் அது. மோதிரம் மாற்றிய வாரமே வங்கியை விட்டு மருந்துக்கடைக்கு வந்துவிட்டாள். "அங்கே அடுத்தவங்க பணத்தை எண்ணினேன், இங்கே அடுத்தவங்க இருமலை எண்றேன்" என்பாள். அவள் சிரிக்கும்போது சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். கடைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் குலுங்கலைப் பார்த்தாலே பாதி வியாதி போய்விடும்.

இருவருக்கும் குழந்தை இல்லை. வேண்டாத புனிதர் இல்லை, போகாத யாத்திரை இல்லை. ஒரு வருடம் இருவரும் வெறுங்காலோடு கற்களின் மேல் நடந்து வந்தார்கள், இருவர் காலுக்கும் ஃபின்டனே களிம்பு தடவினார். பிறகு ஒருநாள், யார் முதலில் நிறுத்தியது என்று தெரியாமலே, இருவரும் கேட்பதை நிறுத்தினார்கள். துக்கம் அப்படியே தங்கிவிடவில்லை. அவர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். மாடியில் குழந்தைக்கென்று வண்ணம் பூசிய அறையில் இப்போது தூண்டில் கம்புகள் இருந்தன.

சட்டம் மாறியபோது இதெல்லாம் அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும். டாக்டர் சீட்டு இருந்தால் கருத்தடை மாத்திரையை மருந்துக்கடையில் விற்கலாம் என்றது அரசாங்கம். மனம் ஒப்பாதவர்கள் விற்காமலும் இருக்கலாம் என்று அதே சட்டத்தில் ஓர் இடமும் விட்டிருந்தது. கருத்தடை பாவம் என்ற பிஷப்பின் கடிதத்தை எல்லாக் கத்தோலிக்கக் கோயில்களிலும் வாசித்தார்கள். ஃபின்டன் அன்று சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னார்.

"என் கையால கொடுக்க மாட்டேன், மினா. பிஷப் சொல்றாருன்னு மட்டும் இல்ல. நாம எத்தனை வருஷம் கேட்டோம். அதை வராம நிறுத்தறதுக்கு ஒண்ணை நானே காகிதத்துல சுத்தி, நூல் கட்டி... என்னால ஆகாது."

பிலோமினா கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி" என்றாள். பிறகு, "உப்பை இப்படித் தள்ளு" என்றாள்.

ஆனால் புதன்கிழமை என்று ஒன்று இருந்தது.

புதன்கிழமைகளில் ஃபின்டன் கடையில் இருக்கமாட்டார். விடிந்ததும் வேகவைத்த முட்டை, பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, ஃபிளாஸ்கில் தேநீர் என்று எடுத்துக்கொண்டு ஆரா ஏரிக்குப் போய்ப் படகை அவிழ்ப்பார். சாயங்காலம் மீன் வாடையோடு வருவார். படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் இல்லாமல் மருந்துக்கடையைத் திறக்கக் கூடாது. ஆகவே அன்று மட்டும் மிஸ் ஐவி டெவனிஷ் வருவாள். ஊருக்கு வெளியே பழைய பண்ணை வீட்டில் நாய்களோடு வாழும் புராட்டஸ்டண்ட் பெண்மணி, அறுபதைத் தாண்டியவள். டப்ளினில் படித்தவள். காலர் வைத்த சட்டை, ஆண்கள் போடும் சப்பாத்து. ஃபின்டனும் அவளும் வருடக்கணக்காக ஒருவருக்கொருவர் "மிஸ்டர் மெல்லெட்", "மிஸ் டெவனிஷ்"தான். பெரும்பாலும் வாசலில் வைத்து, சாவியைக் கைமாற்றும்போது.

சட்டம் மாறிய சில வாரங்களில் மிஸ் டெவனிஷ் தன் பங்குக்கு ஒரு பூட்டு வாங்கி வந்து, மருந்து அறையின் கீழ் இழுப்பறையில் மாட்டினாள். சாவி அவளுடைய கைப்பையில். அந்த மாத்திரைகளை அவளே வரவழைத்து, அவளே கணக்குத் தீர்த்துக்கொண்டாள். ஃபின்டன் வியாழக்கிழமை காலை அந்தப் பூட்டைப் பார்த்தார். கேட்கவில்லை. அடுத்த வாரம் சாவியைக் கொடுக்கும்போது, அந்த இழுப்பறையில் இருந்த வெட்டுக்காயத் துணிகளை எங்கே வைத்திருக்கிறாள் என்று மட்டும் கேட்டார். "மேல் தட்டுல, மிஸ்டர் மெல்லெட்" என்றாள். அதோடு சரி. யாரும் ஏற்பாடு செய்யாத ஏற்பாடு அது. இரண்டு மூன்று பெண்கள் வருவார்களாயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்ததை ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டு வருவார்.

மே மாதம், ஈசல் போல ஒரு பூச்சி ஏரியிலிருந்து கிளம்பி மேகமாய் மிதக்கும் நாட்கள் வந்தன. அந்தப் பூச்சிக்காக மீன்கள் பைத்தியம் பிடித்தாற்போல் மேலே வரும். மீன் பிடிக்கிறவர்களுக்கும் அதே பைத்தியம்தான். வங்கி மேலாளருக்குக்கூட அந்த வாரம் காய்ச்சல் வந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு புதன்கிழமை காலை, ஃபின்டன் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது.

"மிஸ்டர் மெல்லெட், நான் ஐவி டெவனிஷ். நேத்து எங்க கோயில்ல பூ வைக்க ஏணி ஏறினேன். இறங்கினது ஏணி வழியா இல்ல. கணுக்கால் போச்சு. கட்டுப் போட்டிருக்காங்க."

"ஐயோ! வலி இருக்கா?"

"வலிக்கு மருந்து சொல்றதுக்கு நீங்க ஒருத்தர், நான் ஒருத்தி. கவலைப்படாதீங்க. உங்க பூச்சி சீசனைக் கெடுத்துட்டேனேன்னுதான் வருத்தம்."

ஃபின்டன் ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, புதன்கிழமைகளில் பார்த்தே பழக்கமில்லாத தன் கடைக்குள் விருந்தாளி போல நுழைந்தார்.

முதலில் வந்தவள் பள்ளி ஆசிரியரின் மனைவி. மணி அடித்தது. அவள் சிரித்தபடியே உள்ளே வந்தாள். உள் அறைப் படியில் நீண்ட முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. கல்லாவுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டியது தொண்டை மிட்டாய்ப் பெட்டிதான்.

"இது... இது ஒரு பெட்டி குடுங்க, மிஸஸ் மெல்லெட். தொண்டை கரகரங்குது."

அடுத்து வந்தவள் தபால் அலுவலகத்துப் பெண். அவளுக்கும் தொண்டை. அதற்கடுத்து கோயிலில் பீடத் துணிகளைத் துவைத்துத் தரும் பெண்கள் சங்கத்தின் பொருளாளர். அவள் ஒரு நிமிடம் தடுமாறி, "ஆட்டுக்குப் பூச்சி மருந்து இருக்கா?" என்றாள். அவள் கணவர் தையல்காரர். அவர்களிடம் ஆடு கிடையாது. பிறகு இரண்டு பேர் சேர்ந்தாற்போல வந்தார்கள். இரண்டு பேருக்கும் தொண்டை.

பகல் பதினொரு மணிக்குள் தொண்டை மிட்டாய் தீர்ந்து, ஃபின்டன் மேல் தட்டிலிருந்து புதுப் பெட்டியை உடைத்தார். பிலோமினா கல்லாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"மினா, உனக்குமா தொண்டை?"

அவள் கையை ஆட்டினாள்.

ஃபின்டன் பொறுப்பான மனிதர். டாக்டருக்கு டெலிபோன் செய்தார். "டாக்டர், ஊருல ஏதோ தொண்டைக் கட்டு பரவுது போல. காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாருக்கும் அதே. ஒண்ணு சொல்றேன், எல்லாம் பொம்பளைங்களாவே இருக்காங்க. ஆம்பளை ஒருத்தருக்கும் இல்ல. இது என்ன மாதிரி தொத்து?"

அந்தப் பக்கத்தில் ஒரு இருமல். பிறகு டாக்டர், "இன்னிக்கு என்ன கிழமை, ஃபின்டன்?" என்றார்.

"புதன்."

"அப்ப ஒண்ணும் பயப்பட வேணாம். நாளைக்குள்ள சரியாயிடும்" என்று வைத்துவிட்டார்.

டெலிபோனைப் பிடித்தபடியே ஃபின்டன் நின்றார். காது மடல் முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. ஜெபமாலையில் தனக்குப் பின்னால் மண்டியிட்டு, தன் குரலுக்குப் பதில் சொல்லும் குரல்கள் ஒவ்வொன்றாக அவர் காதில் வந்து போயின. இரண்டு மூன்று பேர் இல்லை. ஏறக்குறைய அந்த வரிசை முழுதும்.

அப்போது மணி அடித்தது. டிம்ப்னா கில்ராய்.

மலைப்பக்கத்துப் பண்ணையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தாள். ஆறு பிள்ளைகளுக்குத் தாய். கடைசிப் பிள்ளை பிறந்தபோது கர்ப்பப்பை கிழிந்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் பாதிரியாரை வரவழைத்து சாகப்போகிறவர்களுக்குச் செய்யும் நோயில் பூசுதலைக் கொடுத்து முடித்துவிட்ட பிறகு பிழைத்தவள். இன்னொரு பிள்ளை என்றால் பிழைக்கமாட்டாய் என்று டாக்டர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்படியானால் பிள்ளை வராமலிருக்க அங்கேயே ஒரு ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று கேட்டாள். அது கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி. அந்த ஆபரேஷன் அங்கே செய்வதில்லை என்று, தலையணையைச் சரிசெய்துகொண்டே, அன்பாகச் சொன்னார்கள்.

அவளும் ஃபின்டனைப் பார்த்ததும் நின்றாள். தொண்டை மிட்டாய் ஒன்று கேட்டாள். வாங்கிப் பையில் போட்டாள். போகவில்லை. இன்னொன்று கேட்டாள். அதையும் போட்டாள். கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"மிஸ்டர் மெல்லெட், என் தொண்டைக்கு ஒண்ணுமில்ல."

"தெரியும்" என்றார் ஃபின்டன், தரையைப் பார்த்து. "இப்பத்தான் தெரிஞ்சது."

அவள் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "மிஸ் டெவனிஷ் இல்லையா?"

"கால் உடைஞ்சிருச்சு. வர சில வாரம் ஆகும்."

டிம்ப்னா சீட்டை மேசையில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். "போன புதன் பசு கன்னு போட்டுது, வர முடியல. இன்னிக்கு நான் புது அட்டை தொடங்கியாகணும். வீட்டுல ஒண்ணுகூட இல்ல."

"பக்கத்து ஊர்ல..."

"பக்கத்து ஊர் மருந்துக்கடைக்காரர் என் வீட்டுக்காரரோட பெரியம்மா மகன். அவரும் கொடுக்கறதில்ல. கொடுக்கலேன்னாலும் பரவாயில்ல, என் மாமியாருக்குச் சொல்லிடுவார்."

பிலோமினாவின் தோள் குலுங்குவது நின்றிருந்தது.

"உங்களுக்காக நான் ஜெபமாலை சொன்னேன், மிஸஸ் கில்ராய்" என்றார் ஃபின்டன். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. "நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்ப. கோயில் நிறைய ஜனம்."

"தெரியும், மிஸ்டர் மெல்லெட். அது பலிச்சது. அதுக்காக இன்னொரு தடவை பலிக்குதான்னு சோதிச்சுப் பார்க்க வேணாமே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பால் விலை சொல்வது போலச் சொன்னாள். ஃபின்டன் கீழ் இழுப்பறையின் பூட்டைத் திரும்பிப் பார்த்தார். இரும்புச் சுத்தியல் ஒன்று அறையில் இருந்தது. மூடி திறக்காத ஜாடிகளைத் தட்டுவதற்கு. அதையும் பார்த்தார். பிலோமினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை.

அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தொப்பியை எடுத்தார்.

"மினா, மிஸஸ் கில்ராய்க்குத் தேநீர் போட்டுக் கொடு. உக்காருங்க. நான் இதோ வந்துடறேன்."

"எங்கே போறே?"

"ஒரு ஆளைக் கூட்டிட்டு வர."

மிஸ் டெவனிஷ் தன் பண்ணை வீட்டுச் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில், கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி, குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். நாய்கள் ஃபின்டனைச் சுற்றிக் குரைத்தன. அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

அவள் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. கீழ் இழுப்பறை, இடது பக்கம். ரெண்டு நிமிஷ வேலை."

ஃபின்டன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது என்னால முடியாது, மிஸ் டெவனிஷ்."

"பின்னே எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"உங்களைத் தூக்கிட்டுப் போக."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொண்டாள். "உடைஞ்ச காலோட என்னைச் சுமந்துட்டுப் போய் உள்ளே வைப்பீங்க. ஆனா இந்தச் சாவியைச் சுமக்க மாட்டீங்க."

"ஆமா."

"சாவி எடை குறைவு, மிஸ்டர் மெல்லெட்."

"எனக்குக் குறைவு இல்ல."

கிண்டலாக இன்னொன்று சொல்ல வாயெடுத்தவள், அந்த நீண்ட முகத்தைப் பார்த்து அதை விழுங்கிவிட்டாள் போலிருந்தது. "பெரிய நாயும் வரும்" என்றாள். "நான் இல்லேன்னா அது தலையணையைத் தின்னும்."

நாயையும் சமையலறை நாற்காலி ஒன்றையும் காரின் பின்னால் போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். அங்கே ஒரு சங்கடம். தண்ணீர்க் குழாய் பதிக்க மெயின் தெருவை நீளத்துக்கும் வெட்டிப் போட்டிருந்தார்கள். காரைக் கோயில் வாசலில்தான் நிறுத்த முடிந்தது. அங்கிருந்து மேட்டில் ஏறிக் கடை வரைக்கும் நாற்காலியில் வைத்துத் தூக்க வேண்டும். ஒருவரால் ஆகாது.

கோயில் வாசலில் ஃபாதர் லாவெல் நின்றுகொண்டு, குழி வெட்டுகிறவர்களுக்கு எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தடித்த, சிவந்த மனிதர். ஓட்டப்பந்தய நாய்கள் மேல் பிரியம். அவர் காரைப் பார்த்தார். காருக்குள் மிஸ் டெவனிஷைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். பிறகு ஃபின்டனின் காது மடலைப் பார்த்தார்.

"ஃபின்டன், இன்னிக்கு நீ ஏரியில இருக்கணுமே?"

"ஆமா, ஃபாதர்."

"போன மாசம் நான் பிரசங்கத்துல சொன்னது ஞாபகம் இருக்கா?"

"ஒரு வார்த்தை விடாம, ஃபாதர்."

"நல்லது." ஃபாதர் அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "நீ பின்னால பிடி. நான் முன்னால. குனிஞ்சு தூக்காதே, இடுப்புப் பிடிச்சுக்கும்."

நாற்காலி எழுந்தது. மிஸ் டெவனிஷ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ராணி போல உட்கார்ந்திருந்தாள். நாய் முன்னால் ஓடியது. பாதிரியார் கூட வர ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். குழிக்குள் இருந்த தொழிலாளர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். வரிசையாகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் முட்டி போடவும் இறங்கிவிட்டார்.

"நான் இன்னும் சாகலைப்பா!" என்று மிஸ் டெவனிஷ் கையசைத்தாள். "வேலையைப் பாருங்க!"

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல நம்ம பசங்க தேறுவாங்களா, ஃபாதர்?" என்று ஃபின்டன் மூச்சு வாங்கக் கேட்டார். ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"கோல்கீப்பருக்குக் கண் தெரிஞ்சா தேறலாம். இது என்ன, கனமா இருக்கே. மிஸ் டெவனிஷ், நீங்க மட்டும்தானே நாற்காலியில இருக்கீங்க?"

"நான் மட்டும்தான், ஃபாதர். உங்க ரெண்டு பேரோட யோசனைங்களும் மடியில இருக்கோ என்னவோ."

ஃபாதர் லாவெல் சிரித்ததில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. கடைக்குள் நுழைந்து, உள் படிகளில் ஏற்றி, மருந்து அறையில் இறக்கிவைத்தார்கள். டிம்ப்னா கையில் தேநீர்க் கோப்பையோடு எழுந்து நின்றாள். பாதிரியாரைப் பார்த்ததும் மேசைமேல் இருந்த சீட்டைக் கோப்பைத் தட்டால் மூடினாள்.

"உக்காரு, டிம்ப்னா, உக்காரு" என்றார் ஃபாதர். "உங்க வீட்டுப் பசு கன்னு போட்டுதாமே. கிடாரியா?"

"கிடாரிதான், ஃபாதர்."

"நல்ல சேதி" என்று சொல்லிவிட்டு, பிலோமினாவிடம் ஒரு பெட்டி தொண்டை மிட்டாய் வாங்கிக்கொண்டு வெளியே போனார். அன்று அதை உண்மையிலேயே தொண்டைக்காக வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.

ஃபின்டனும் தெருவுக்கு வந்து, முதுகைக் கதவுக்குக் காட்டி நின்றார். உள்ளே பூட்டில் சாவி திரும்பும் சத்தம் அவருக்குக் கேட்டது. இழுப்பறை இழுபடும் சத்தம். பழுப்புக் காகிதம் மடங்கும் சத்தம். மிஸ் டெவனிஷ் நூல் கட்டத் தெரியாதவள், முடிச்சு எப்போதும் தளர்ந்துதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

டிம்ப்னா வெளியே வந்தாள். சைக்கிள் கூடையில் பொட்டலத்தை வைத்தாள். கலங்கின கண்ணைக் கைக்குட்டையால் ஒரு தடவை அழுத்தினாள். "ரொம்ப நன்றி, மிஸ்டர் மெல்லெட்."

"நான் ஒண்ணும் கொடுக்கலியே, மிஸஸ் கில்ராய்."

"நாற்காலிக்கு" என்றாள் அவள். சரிவில் சைக்கிள் வேகமாய் இறங்கியது.

சில நிமிடங்களில் பள்ளி ஆசிரியரின் மனைவி எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் தபால் அலுவலகத்துப் பெண். குழிமேல் போட்டிருந்த பலகையில் ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். தையல்காரரின் மனைவி கையில் ஆட்டு மருந்து இருந்தது, திருப்பிக் கொடுக்க. ஃபின்டன் ஒவ்வொருவருக்கும் தொப்பியை உயர்த்தினார். வானம் எப்படியிருக்கிறது என்று பேசினார். பிறகு வீட்டுக்குள் போய் ரப்பர் பூட்ஸை மாட்டினார்.

ஏரியில் அவருக்கு அன்று மீன் ஒன்றும் மாட்டவில்லை. பூச்சிகள் தோளிலும் தொப்பியிலும் உட்கார்ந்தன. படகை அதன் போக்கில் விட்டுவிட்டு முட்டையை உரித்தார். தான் செய்தது சரியா என்று யோசித்துப் பார்த்தார். கையால் கொடுக்கவில்லை, அது நிச்சயம். கொடுக்கும் கையைச் சுமந்து வந்தோம், அதுவும் நிச்சயம். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தால், ஒரு படகு மிதக்கும் அளவுக்கு இருந்தது. முட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டார். பசித்தது. வயிறார உண்டார்.

ராத்திரி சாப்பிடும்போது பிலோமினா கேட்டாள். "இன்னிக்கு நீ பாவம் பண்ணினியா, ஃபின்டன்?"

"தெரியல. சனிக்கிழமை கேட்டுப் பார்க்கறேன்."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நீ சொன்னா அப்புறம் ஃபாதர் என்ன சொன்னாலும் எனக்கு ஏறாது."

அவள் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கை நீட்டி, அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியை எடுத்துவிட்டாள். தோள் குலுங்கியது.

சனிக்கிழமை பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டு, எரிச்சல்பட்டது, ஒரு பொய், காலை ஜெபம் விட்டுப்போனது எல்லாம் சொன்ன பிறகு ஃபின்டன் தொண்டையைச் செருமினார். "அப்புறம் ஃபாதர், புதன்கிழமை நான் ஒரு நாற்காலியைத் தூக்கினேன்."

வலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. "நானும்தான் தூக்கினேன். முதுகு இன்னும் வலிக்குது. வேற ஏதாவது?"

"வேற ஒண்ணுமில்ல, ஃபாதர்."

"அப்ப ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லு. எனக்காக ஒண்ணு சேர்த்துச் சொல்லு."

மிஸ் டெவனிஷின் கால் கூடுவதற்கு நாளாயிற்று. அதுவரை புதன்கிழமை காலையில் ஃபின்டன் அவளைக் காரில் அழைத்து வருவார். கோயில் வாசலில் நிறுத்துவார். ஒரு கை தேவைப்படும். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் பள்ளி ஆசிரியர் அந்தப் பக்கமாக நடக்க வந்தவர் போல வந்து நின்றார். ஒரு வாரம் தையல்காரர். ஒரு வாரம் போலீஸ் சார்ஜென்ட், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. சாராயக்கடையில் இந்த விஷயத்தைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காத மனிதர்கள். இப்போதும் திறக்கவில்லை. மழை, மாட்டு விலை, கோல்கீப்பர் என்று பேசிக்கொண்டே தூக்கினார்கள்.

கட்டுப் பிரிப்பதற்கு முந்தின வாரம் வாசலில் நின்றிருந்தவர் டிம்ப்னாவின் கணவர் பாட்சி கில்ராய். மலைப்பக்கத்து மனிதர், பேச்சே குறைவு. கையெல்லாம் வைக்கோல் கீறல். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று ஃபின்டனுக்குப் புரியவில்லை. பாட்சி நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தார். மேட்டில் பாதி ஏறிய பிறகு ஃபின்டன் கேட்டார்.

"கனமா இருக்கா, பாட்சி? இறக்கி வெச்சுத் தூக்கலாமா?"

"வேணாம்" என்றார் பாட்சி, திரும்பாமலே. "டிம்ப்னாவைப் படிக்கட்டுல இறக்கி ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்ப நானும் ஒரு பக்கம் பிடிச்சேன். அதுக்கு இது லேசு."

மிஸ் டெவனிஷ் மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குழியை மூடிவிட்டிருந்தார்கள். தெரு வழவழப்பாக இருந்தது. கார் கடை வாசலுக்கே வந்திருக்கலாம் என்பது நாற்காலியை இறக்கிய பிறகுதான் மூவருக்கும் உறைத்தது.